வலுவும் சக்தியும்: இரு மின்னியற் கலைச்சொற்களும் அவற்றின் சமூக அடிப்படையும்

கலைச்சொற்கள் பற்றித் தமிழிலே நடைபெற்ற விவாதங்கள் பெரும்பாலும் சொல்லாக்கம் பற்றியனவாகவே அமைந்துள்ளன. வடசொல்லைக் கொள்வதா தள்ளுவதா, பிறமொழி ஒலிகளை எவ்வாறு எழுதுவது, புதுச்சொல் படைப்பதா பழஞ்சொல்லுக்குப் புதுப்பொருள் ஏற்றுவதா என்னும் வினாக்களே முதன்மை பெற்று வந்துள்ளன. இவை புறக்கணிக்கத்தக்கவை அல்ல. ஆயினும், ஒரு கலைச்சொல் எவ்வாறு அமையவேண்டும் என்பதிலே காட்டிய அக்கறையை, அச்சொல் சுட்டும் கருத்து எத்தகைய சமூகத் தேவையிலிருந்து பிறந்தது என்பதிலே நாம் காட்டவில்லை. சொல்லின் வடிவம் பற்றிய சர்ச்சை சொல்லின் பொருளை மறைத்துவிடுவதும் உண்டு.

இக்கட்டுரை மின்னியலிலே நாளாந்தம் வழங்கும் வலு, சக்தி என்னும் இரு சொற்களை எடுத்துக்கொள்கின்றது. ஆங்கிலத்திலே 'பவர்', 'எனர்ஜி' எனப்படும் கருத்துக்களுக்கு இலங்கைத் தமிழ்ப் பாடநூல்கள் கொண்ட சொற்கள் இவை. பேச்சிலும் பத்திரிகைகளிலும் இவை ஒன்றற்கொன்று பதிலியாகக் கையாளப்படுகின்றன. ஆனால் இவை சுட்டும் பொருள்கள் வேறு வேறானவை. அவ்வேறுபாடு பரீட்சை மண்டபத்துக்கு மாத்திரம் உரியது அன்று. விற்கப்படுவது எது, விலை கொடுக்கப்படுவது எதற்கு என்னும் வினாக்களோடு பிணைந்தே அது வளர்ந்தது. ஆதலின், அது மழுங்குமிடத்து மறைக்கப்படுவதும் சமூக உண்மையே என்பதைக் காட்டுவது இக்கட்டுரையின் நோக்கமாகும்.

1. பொருள் வேறுபாடு

முதலிலே பௌதிகவியல் கூறும் வரைவிலக்கணத்தை நோக்கலாம். வேலை செய்யப்படும் வீதமே வலு. ஒரு செக்கனிலே ஒரு யூல் வேலை நிகழுமாயின் அங்கு தொழிற்படும் வலு ஒரு வாற்று ஆகும். சக்தியோ செய்யப்பட்ட, அல்லது செய்யப்படக்கூடிய, வேலையின் மொத்த அளவைக் குறிப்பது. வலுவைக் காலத்தாற் பெருக்கச் சக்தி பெறப்படும்.

1,000 வாற்று வலுவுடைய மின்னழுத்தி ஒன்று ஒரு மணித்தியாலம் இயங்குமாயின் அது கொள்ளும் சக்தி ஒரு கிலோவாற்று மணித்தியாலம், அதாவது 36 இலட்சம் யூல் ஆகும். மின்கட்டணப் பட்டியலிலே 'அலகு' என நாம் காண்பது இதுவே. 10 வாற்று மின்குமிழ் ஒன்று 100 மணித்தியாலம் எரிந்தாலும் செலவாவது அதே ஓர் அலகுதான். இவ்விரு பொருள்களின் வலு நூறு மடங்கு வேறுபட்டது. அவை கொண்ட சக்தி ஒன்றே.

நமது வாழ்வனுபவத்திலிருந்து இன்னோர் உதாரணம் தரலாம். 1990களின் முற்பகுதியிலே, மின்சாரமும் எரிபொருளும் இன்றி இருந்த யாழ்ப்பாணத்திலே, சைக்கிளைக் கவிழ்த்துவைத்துப் பெடலைக் கையாற் சுற்றி, டைனமோவிலிருந்து வானொலிக்கு மின் பெற்றுச் செய்தி கேட்டமையை அக்காலத்தவர் மறந்திருக்கமாட்டார். சாதாரண சைக்கிள் டைனமோவின் வலு ஏறத்தாழ 3 வாற்று. ஒரு மணித்தியாலம் சுற்றினாற் கிடைப்பது 3 வாற்று மணித்தியாலமே. ஓர் அலகு பெறுவதற்கு 333 மணித்தியாலம் சுற்றவேண்டும். செய்தி கேட்பதற்கு வேண்டிய வலு அங்கு இருந்தது. ஆனால் ஒரு வீட்டை நடத்துவதற்கு வேண்டிய சக்தியை அந்தக் கை தரமாட்டாது.

மனித உடலையே எடுத்துக்கொள்வோம். உடல்நலமுள்ள தொழிலாளி ஒருவர் நாள் முழுவதும் தொடர்ந்து வெளிப்படுத்தக்கூடிய தசைவலு ஏறத்தாழ 75 வாற்று எனக் கொள்ளப்படுகின்றது. எட்டு மணித்தியால உழைப்பிலே அது 0.6 அலகாகும். ஒரு மனிதரின் முழுநாளைத் தசையுழைப்பு, மின்பட்டியலின் ஓர் அலகுக்குக் குறைவானது என்னும் இவ்வுண்மை இயந்திரத்தின் பெருமையைக் காட்டுவதாகப் பலருக்குத் தோன்றலாம். ஆனால் அது வேறொன்றையும் காட்டுகின்றது. மனித உழைப்பு வாங்கப்படுவது அது தரும் யூல்களுக்காக அன்று. இதனைப் பின்னர் நோக்குவோம்.

2. அளவையின் வரலாறு

வலு என்னும் கருத்து ஆய்வுகூடத்திலே மட்டும் உருவாகவில்லை. 1769இலே நீராவிப் பொறித் திருத்தத்துக்குக் காப்புரிமை பெற்ற ஜேம்ஸ் வாற்றும் அவரின் பங்காளியான மத்தியூ போல்ற்றனும் தமது பொறிகளுக்குக் கட்டணம் அறவிடவேண்டியிருந்தது. சுரங்கங்களிலே நீர் இறைக்கும் பொறிகளைப் பொறுத்தமட்டிலே, பழைய நியூக்கொமன் பொறியோடு ஒப்பிடுகையில் மிச்சப்படும் நிலக்கரியின் மூன்றிலொரு பங்கு உரிமைத்தொகையாகக் கொள்ளப்பட்டது. ஆலைச் சக்கரங்களைச் சுழற்றும் பொறி தோன்றியபோது இம்முறை பயன்படவில்லை. அங்கு ஒப்பிடுவதற்குப் பழைய நீராவிப் பொறி இருக்கவில்லை, குதிரைகளே இருந்தன. எனவே குதிரையொன்றின் வேலைவீதம் நிமிடத்துக்கு 33,000 அடி-இறாத்தல் என 1780களின் தொடக்கத்திலே நிர்ணயிக்கப்பட்டு, பரிவலு ஒன்றுக்கு ஆண்டுக்கு இவ்வளவு எனக் கட்டணம் விதிக்கப்பட்டது. இன்றைய அளவையிலே ஒரு பரிவலு 746 வாற்று.

இங்கு கவனிக்கவேண்டியது யாதெனில், முதலாவது முறையிலே கட்டணம் உண்மையான செலவையும் சேமிப்பையும் சார்ந்தது; இரண்டாவதிலே பொறியின் இயலுமையைச் சார்ந்தது. பொறி ஓடினாலென்ன, ஓய்ந்து நின்றாலென்ன, ஆலை முதலாளி அதன் இயலுமைக்கு வாடகை செலுத்தவேண்டியவராவார்.

சக்தி என்னும் கருத்து தெளிவுபெற இன்னும் காலம் சென்றது. தோமஸ் யங் 1807இலே வெளியிட்ட விரிவுரைகளிலே 'எனர்ஜி' என்னும் சொல்லை அறிவியற் பொருளிலே கையாண்டார். ஆனால் ஹெல்ம்ஹோல்ட்ஸ் 1847இலே சக்திக் காப்புப் பற்றி எழுதிய புகழ்பெற்ற நூலின் தலைப்பிலே, நாம் இன்று சக்தி என்பதற்கு அவர் வழங்கிய ஜேர்மன் சொல் 'கிராஃப்ட்' என்பதாகும். விசை, வலு, சக்தி மூன்றையும் அக்காலத்திலே அவ்வொரு சொல்லே சுமந்தது.

மின்சாரம் விற்பனைப் பண்டமாகியபோது இவ்வேறுபாடு தவிர்க்கவியலாததாயிற்று. 1882இலே வில்லியம் சீமென்ஸ் மின்வலுவின் அலகுக்கு வாற்றின் பெயரை முன்மொழிந்தார். பிரித்தானியாவிலே கிலோவாற்று மணித்தியாலம் வர்த்தகச் சபையின் பெயரால் வழங்கப்பட்டது. விஞ்ஞானச் சபையின் பெயராலன்றி வர்த்தகச் சபையின் பெயரால் அவ்வலகு அறியப்பட்டமை மனங்கொள்ளத்தக்கது. 1892இலே ஜோன் ஹொப்கின்சன், மின்வழங்கலின் செலவு இரு கூறுகளை உடையது என விளக்கினார். வாடிக்கையாளர் எக்கணத்திலே கேட்டாலும் வழங்குவதற்குத் தயாராக நிற்பதற்கான செலவு ஒன்று. உண்மையாக வழங்கியதற்கான செலவு மற்றொன்று. முன்னது வலுவைச் சார்ந்தது; பின்னது சக்தியைச் சார்ந்தது. இன்றும் இலங்கையிலே பெருந்தொழிற்சாலைகள் நுகர்ந்த அலகுகளுக்கு மட்டுமன்றித் தமது உச்சக் கேள்விக்கும் தனியே கட்டணம் செலுத்துகின்றன.

3. உழைப்பும் உழைக்கும் ஆற்றலும்

மின்னியல் இவ்வாறு இயலுமையையும் செயலையும் வேறுபடுத்திக்கொண்ட அதே நூற்றாண்டிலேதான் அரசியற் பொருளாதாரமும் அத்தகைய வேறுபாடொன்றைக் கண்டது. மார்க்ஸ் 1847இலே பிரசெல்ஸ் நகரிலே தொழிலாளர் முன்னிலையில் ஆற்றிய விரிவுரைகள் 'கூலியுழைப்பும் மூலதனமும்' என்னும் தலைப்பிலே 1849இல் வெளிவந்தன. அதிலே தொழிலாளி தனது உழைப்பை விற்பதாகவே கூறப்பட்டிருந்தது. 1891இலே அந்நூலை மீள வெளியிட்ட ஏங்கல்ஸ் அவ்விடங்களிலே உழைப்பு என்பதை உழைப்புச்சக்தி எனத் திருத்தினார். அத்திருத்தம் வெறும் சொல்விளையாட்டு அன்று என்பதை அவரே முன்னுரையிலே விளக்கினார்.

உழைப்பே விற்கப்படுமாயின், அதற்குரிய முழு விலையும் கொடுக்கப்பட்டபின் முதலாளிக்கு இலாபம் எங்கிருந்து வரும் என்னும் வினாவுக்கு விடையில்லை. விற்கப்படுவது உழைப்பு அன்று, உழைப்பதற்கான ஆற்றல் எனக் கண்டதும் புதிர் அவிழ்கின்றது. அவ்வாற்றலின் மதிப்பு தொழிலாளியும் அவர் குடும்பமும் வாழ்வதற்கு வேண்டியவற்றால் நிர்ணயிக்கப்படுகின்றது. அவ்வாற்றல் பயன்படுத்தப்படும்போது உண்டாகும் மதிப்போ அதனினும் கூடியது. இவ்விரண்டுக்கும் இடைப்பட்டதே உபரிமதிப்பு. ஒரு நாளைக்கு வாடகைக்கு எடுத்த ஆற்றலிலிருந்து எவ்வளவு உழைப்பைப் பெறுவது என்பதே வேலைநாளின் நீளம், வேலையின் வேகம் என்பன பற்றிய போராட்டங்கள் அனைத்தினதும் அடிப்படையாகும்.

இங்கு ஓர் எச்சரிக்கை அவசியம். வலுவுக்கும் சக்திக்கும் இடையிலான உறவு, உழைப்பாற்றலுக்கும் உழைப்புக்கும் இடையிலான உறவை விளங்கிக்கொள்ள உதவும் ஒப்புமையே அன்றி இரண்டும் ஒன்றல்ல. வலு ஒரு வீதம். உழைப்பாற்றலோ வரலாற்றுச் சூழலிலே உருவாகும் சமூக இயலுமை. உழைப்பை யூல்களாக அளந்து பொருளியலைப் பௌதிகவியலாக மாற்றிவிடலாம் என்னும் போக்கை 1882 டிசம்பரிலே பொடோலின்ஸ்கியின் ஆய்வு குறித்து மார்க்ஸுக்கு எழுதிய கடிதங்களிலே ஏங்கல்ஸ் மறுத்துரைத்தார். 0.6 அலகு தரும் தொழிலாளியை முதலாளி அமர்த்துவது அந்த 0.6 அலகுக்காக அன்று என முன்னர் கூறியது இதுபற்றியே.

4. தமிழ்ச் சொற்கள்

இவ்வேறுபாட்டைத் தமிழ் எவ்வாறு ஏற்றுக்கொண்டது என்பது சுவையான பகுதி. பவர், எனர்ஜி என்பனவற்றுக்கு இலங்கைப் பாடநூல்கள் முறையே வலு, சக்தி என்பனவற்றைக் கொள்ள, தமிழ்நாட்டுப் பாடநூல்கள் திறன், ஆற்றல் என்பனவற்றைக் கொண்டன. நமது பரிவலு அங்கு குதிரைத்திறன். இதனாலே ஏற்படும் முரண் சிறிதன்று. உள்ளிட்ட சக்தியிலே எவ்வளவு பயனாக வெளிவந்தது என்னும் விகிதத்தை இங்கு வினைத்திறன் என்கிறோம். அங்கு அது பயனுறுதிறன். ஆகவே, 'திறன் கூடிய மோட்டர்' எனத் தமிழ்நாட்டு நூலொன்று கூறுவதை நமது மாணவர் வீண்விரயம் குறைந்த மோட்டர் என விளங்கிக்கொள்ளக்கூடும். ஆசிரியர் கருதியதோ அதிக வலுவுடைய மோட்டர். வலுக்கூடிய மோட்டர் வினைத்திறன் குறைந்ததாகவும் இருக்கலாம்.

சொற்களின் வேரை நோக்கினால் மேலும் ஒரு முரண் தென்படும். 'எனர்ஜி' என்பதன் மூலமான கிரேக்கச் சொல் செயலில் இருத்தலைக் குறித்தது. அரிஸ்ரோட்டில் அதனை உள்ளுறையும் இயலுமைக்கு எதிரிணையாக வைத்தார். தமிழிலே நாம் கொண்ட சக்தி என்பதோ, இயலுதல் என்னும் பொருளுடைய வடமொழி வேரிலிருந்து வந்தது; இயலுமையையே குறித்தது. சமயமரபிலும் சக்தி என்பது அப்பொருளையே விரித்து நின்றது. வலுவோ பேச்சுமொழியிலே வேரூன்றிய சொல். யாழ்ப்பாணத்தார் 'வலு கெட்டிக்காரன்' என்கையில் அது மிகுதியைக் குறிக்கும் அடையாகவே மாறிவிடுகின்றது. திருக்குறளின் 48ஆம் அதிகாரமான வலியறிதல், செயலுக்கு வேண்டிய வலியையும் செய்வோனிடத்துள்ள வலியையும் பிரித்தறியச் சொல்கின்றது. ஆனால் அங்கும் வீதம், மொத்தம் என்னும் வேறுபாடு இல்லை. இருக்கவேண்டிய அவசியமும் இல்லை. பொறியை வாடகைக்கு விடும் சமூகத்துக்கே அவ்வேறுபாடு தேவைப்பட்டது.

இதன் விளைவொன்று நமது துறைக்கு நேரடியாக உரியது. உழைப்புச்சக்தி என்னும் மொழிபெயர்ப்பு தமிழிலே நிலைபெற்றுவிட்டது. பௌதிகவியலைத் தமிழிலே கற்ற இலங்கை வாசகர், சக்தி என்பதை 'எனர்ஜி' எனக் கொண்டு, தொழிலாளி தன் உடலிற் சேர்ந்துள்ள ஏதோவொரு இருப்பைச் சிறிது சிறிதாக விற்பதாக இத்தொடரை விளங்கிக்கொள்ள இடமுண்டு. மார்க்ஸ் கருதியது அதுவன்று. அவர் தமது 1857-58 கையெழுத்துப் படிகளிலே உழைக்கும் இயலுமை என்னும் பொருள்படும் வேறொரு ஜேர்மன் சொல்லையே பெரிதும் கையாண்டுள்ளார். ஆகவே இத்தொடரிலே சக்தி என்பதைப் பாடநூற் பொருளிலன்றி அதன் பழைய வேர்ப்பொருளிலே கொள்ளவேண்டும். சொல்லை மாற்றவேண்டும் என்பதன்று எமது கருத்து. நிலைபெற்ற சொல்லை அகற்றுவதிலும் அதன் பொருளைத் தெளிவுபடுத்துவதே பயனுடையது.

கற்றோரின் கலைச்சொற்கள் இவ்வாறு தடுமாற, மலையகத் தோட்டத் தொழிலாளரின் பேச்சிலே தெளிவான ஒரு சொற்றொகுதி நிலவிவருகின்றது. தோட்ட நிருவாகம் நிர்ணயித்த அளவு கொழுந்தைப் பறித்த பெண்ணுக்கு முழுப்பேர். அவ்வளவை எட்டாதவருக்கு அரைப்பேர், அதாவது பாதிநாட் சம்பளம். பேருக்கு அப்பால், பறித்த கிலோவுக்கு மட்டும் கூலி பெறும் வேலை கைக்காசு. பேர் என்பது விற்கப்பட்ட நாளைக் குறிப்பது; கிலோ செய்யப்பட்ட வேலையைக் குறிப்பது. அரைப்பேர் என்னும் சொல்லோ, நாளை முழுமையாக வாங்கிக்கொண்டு கிலோவிலே கணக்குத் தீர்க்கும் முறைமையை அம்பலப்படுத்துகின்றது. நேரக்கூலி, துண்டுக்கூலி பற்றி 'மூலதனம்' முதலாம் பாகத்திலே மார்க்ஸ் விரித்துரைத்தவற்றை இத்தொழிலாளர் தம் அனுபவத்தினாற் பெயரிட்டு வைத்துள்ளனர். எனினும் நமது கலைச்சொல் அகராதிகள் எவற்றிலும் இச்சொற்களைத் தேடும் பழக்கம் நமக்கு இல்லை.

5. நாட்டின் மின்சாரமும் இரு சொற்களும்

இம்மலையகமே இலங்கையின் நீர்மின்னுக்கும் தாயகம். பொறியியலாளர் விமலசுரேந்திர 1918இலே இலங்கையில் வலுப்பயன்பாட்டின் பொருளியல் பற்றிய தமது கட்டுரையைச் சமர்ப்பித்தார். இலக்சபான நிலையம் இயங்கத் தொடங்கியது 1950இலேயே. 1969இலே மவுசாக்கலை நீர்த்தேக்கம் எழுந்தபோது பழைய மஸ்கெலியா நகரம் நீரில் மூழ்கியது. உயரழுத்தக் கம்பிகள் தலைக்குமேற் செல்ல, லயன் அறைகள் பல நெடுங்காலம் மண்ணெண்ணெய் விளக்கிலேயே இருந்தன.

நீர்மின் நமது இரு சொற்களையும் மிகத் தெளிவாகப் பிரித்துக் காட்டுவது. 1985இலே திறக்கப்பட்ட விக்ரோறியா நிலையத்தின் வலு 210 மெகாவாற்று. ஆனால் அது ஓராண்டிலே தரும் சக்தி மழையையும் தேக்கத்திலுள்ள நீரையும் பொறுத்தது. குளத்து மதகை எவ்வளவு அகலமாகத் திறக்கலாம் என்பது வேறு. குளத்திலே எவ்வளவு நீர் உண்டு என்பது வேறு. 1996இன் வரட்சியிலே நாடு மின்வெட்டுக்கு உள்ளானது மதகு சிறிதானமையால் அன்று, நீர் வற்றியமையால்.

2022 மார்ச் இறுதியிலே நாளொன்றுக்கு 13 மணித்தியால மின்வெட்டு அறிவிக்கப்பட்டது. அக்காலத்திலே நாட்டின் நிறுவப்பட்ட வலு ஏறத்தாழ 4,000 மெகாவாற்று. உச்சக் கேள்வியோ 3,000 மெகாவாற்றை எட்டியிருக்கவில்லை. வலு இருந்தது. எரிபொருள் வாங்க அந்நியச் செலாவணி இல்லாமையாலும் நீர்த்தேக்கங்கள் தாழ்ந்திருந்தமையாலும் சக்தி இருக்கவில்லை. 'மின் நிலையங்கள் போதாமையே காரணம்' எனக் கூறுவோர், கடன்சார் பொருளாதாரத்தின் நெருக்கடியை ஒரு பொறியியற் குறைபாடாக உருமாற்றுகின்றனர். இரு சொற்களும் ஒன்றாகக் கலந்திருக்கும்வரை அவ்வுருமாற்றம் எளிது.

இதன் மறுதலையும் நிகழ்ந்தது. 2025 பெப்ரவரி 9ஆம் திகதி, ஞாயிற்றுக்கிழமை முற்பகல், பாணந்துறை உபமின்நிலையத்திலே குரங்கொன்று தொட்டமையால் நாடெங்கும் மின் நின்றது. குரங்கு பற்றிய நகைச்சுவைகள் பல தோன்றின. ஆனால் அன்று சக்திக்குப் பஞ்சமில்லை. வெயில் தாராளமாக இருந்தது, கேள்வியோ குறைவாக இருந்தது. கணத்துக்குக் கணம் பேணவேண்டிய வலுச் சமநிலையே குலைந்தது. சுழலும் பெரும்பொறிகள் குறைந்து கூரைச் சூரியப்படலங்கள் மிகுந்திருந்த அவ்வேளையிலே, திடீர் அதிர்ச்சியைத் தாங்கும் இயல்பு வலையமைப்பிடம் குறைந்திருந்தது.

எனவே திட்டங்கள் பற்றிய அறிவித்தல்களிலே மெகாவாற்று எண்ணை மட்டும் கேட்டு அமைதல் கூடாது. 100 மெகாவாற்று நிலக்கரி நிலையம் ஆண்டிலே ஏறத்தாழ 65 கோடி அலகுகளைத் தரக்கூடும். அதே 100 மெகாவாற்று சூரியமின் நிலையம் நமது வெயிலிலே 15 கோடி அலகுகள் அளவிலேயே தரும். இது சூரியமின்னுக்கு எதிரான வாதம் அன்று. வெயிலுக்கு நாம் அந்நியச் செலாவணி செலுத்துவதில்லை. எத்தனை மெகாவாற்று என்பதோடு, ஆண்டுக்கு எத்தனை அலகு, எந்நேரத்திலே, எவருக்கு, எவ்விலையில் என்றும் கேட்கவேண்டும் என்பதே இங்கு வலியுறுத்தப்படுவது.

தொகுத்து நோக்குமிடத்து, வலுவும் சக்தியும் ஒருபொருட் பன்மொழி அல்ல. ஒன்று இயலுமையின் வீதத்தையும் மற்றது செயலின் மொத்தத்தையும் குறிக்கின்றன. பொறியை வாடகைக்கு விட்டவரும் மின்சாரத்தை விற்றவரும் தமது இலாபத்தின் பொருட்டு இவ்வேறுபாட்டைத் துல்லியமாக அறிந்திருந்தனர். உழைப்போர் தமது நாளைக் காப்பதற்காக அதே வகையான வேறுபாட்டைத் தமது சொற்களிலே பேணி வந்துள்ளனர். இடையிலே நிற்கும் கற்றோராகிய நாமே இரண்டையும் குழப்பிக்கொள்கிறோம். தமிழ்க் கலைச்சொல் ஆய்வு இனி அகராதியிலிருந்து மட்டுமன்றி, மின்பட்டியலிலிருந்தும் கொழுந்து நிறுக்கும் தராசிலிருந்தும் தொடங்கவேண்டும்.